பிள்ளை குதிரையில், நீங்கள் தரையில்: தன்னார்வலர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூருக்கு வெளியே, ஒரு மாந்தோப்பை ஒட்டிய மணல் திடலில், சனி ஞாயிறு காலைகளில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றி நடத்துகிறோம். நான்கு குதிரைகள், ஒரு பிசியோதெரபிஸ்ட், லாயத்தைக் கவனிக்க முன்பு ஜட்கா ஓட்டிய ஒருவர் (எல்லோருக்கும் அவர் ‘பாய்’), மற்றபடி எல்லாமே தன்னார்வலர்கள். தொலைபேசியை எடுப்பது நான். ஒரே கேள்விக்கு ஒரே வாரத்தில் ஏழு தடவை பதில் சொன்ன பிறகு, எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எனக்குக் குதிரை ஏறத் தெரியாது. வரலாமா?

தாராளமாக. நீங்கள் குதிரையில் ஏறப்போவதே இல்லை. ஒரே ஒரு தடவை தவிர. அதைக் கடைசியில் சொல்கிறேன். இங்கே தேவைப்படுவது மணலில் முக்கால் மணி நேரம் சோராமல் நடக்கும் கால். எங்களிடம் மிக நன்றாக வேலை செய்பவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற தபால்காரர். இன்னொருவர் காட்பாடியில் டியூஷன் எடுப்பவர். ஒரே கணக்கை நாற்பது தடவை சொல்லிக்கொடுத்துப் பழகிய பொறுமை அவருக்கு. குதிரை ஓட்டத் தெரிந்தவர்கள்தான் சில சமயம் எங்களுக்குச் சிரமம் கொடுக்கிறார்கள். அவர்கள் கை வேகம் கேட்கிறது. எங்கள் குதிரைகள் நடக்க மட்டும்தான் செய்யும்.

குதிரைமேல் உட்காருவதில் அப்படி என்ன சிகிச்சை இருக்கிறது?

குதிரையின் நடையில் இருக்கிறது. அது ஒவ்வொரு அடி வைக்கும்போதும் மேலே இருப்பவரின் இடுப்பு முன்னும் பின்னும் அசைகிறது, பக்கவாட்டில் சாய்கிறது, லேசாகத் திரும்பவும் செய்கிறது. நாம் நடக்கும்போது நம் இடுப்பு செய்வதும் ஏறக்குறைய இதேதான். ஆகவே, தானாக நடக்க முடியாத பிள்ளையின் இடுப்புக்கு, நடப்பது எப்படி இருக்கும் என்பதைக் குதிரை சொல்லிக்கொடுக்கிறது. நிமிடத்துக்கு நூறு அடி என்று தோராயமாக வைத்துக்கொண்டால், இருபது நிமிடத்தில் இரண்டாயிரம் முறை. எந்தச் சிகிச்சை அறையிலும், எவ்வளவு கெட்டிக்கார மனிதரின் கைகளாலும், இவ்வளவு சீராக இத்தனை தடவை செய்ய முடியாது. விழாமல் இருப்பதற்காக முதுகும் வயிறும் கழுத்தும் ஒவ்வோர் அடிக்கும் தம்மைச் சரிசெய்துகொள்ள வேண்டியிருக்கிறது. அந்தச் சரிசெய்தல்தான் பயிற்சி.

சூடும் ஒரு காரணம். குதிரையின் உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை, நம்மைவிடச் சற்று அதிகம். கனத்த சேணம் போடாமல் மெத்தை விரிப்பின்மேல் உட்கார வைக்கும்போது அந்த வெதுவெதுப்பு தொடையில் ஏறுகிறது.

மூளை முடக்குவாதம் (செரிபிரல் பால்சி) உள்ள எட்டு வயதுப் பையன் ஒருவன் வருகிறான். கால்கள் இரண்டும் கத்தரிக்கோல் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறுகிவிடும். வீட்டில் அவனுக்கு நிஜார் மாட்ட இரண்டு பேர் வேண்டும். முதல் நாள் எங்களிடம் இருப்பதிலேயே ஒடுங்கிய குதிரையில்தான் அவனை உட்கார வைத்தோம். முதல் நான்கு சுற்றுக்குப் பாதங்கள் முளைக்குச்சி போல நீட்டிக்கொண்டே இருந்தன. ஐந்தாவது சுற்றில் இடது குதிகால் கீழே இறங்கியது. இறக்கியபோது அவன் முழங்கால்களுக்கு நடுவே என் உள்ளங்கை அகலத்துக்கு இடம் இருந்தது. அன்று இரவு குளிப்பாட்டுவது சுலபமாக இருந்ததாக அவனுடைய அம்மா மறுநாள் தொலைபேசியில் சொன்னார். இரண்டு நாளில் மறுபடி இறுகிவிட்டது என்றும் பிறகு அவரேதான் சொன்னார். அதனால்தான் வாராவாரம் வரச் சொல்கிறோம்.

இது புதுமோகம் அல்ல. டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டெல் 1944இல் போலியோ தாக்கி முழங்காலுக்குக் கீழே செயலிழந்து போனவர். குதிரையில் ஏறவும் இறங்கவும் பிறர் உதவி வேண்டியிருந்த அவர், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார், 1956இல் மறுபடியும். குதிரைவழிச் சிகிச்சை உலகெங்கும் பரவ அவருடைய வெற்றி ஒரு பெரிய காரணம். வேலூர்க்காரர்களுக்கு இதைக் கேட்டால் இன்னொருவர் நினைவுக்கு வருவார். 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர். பாகாயத்தில் 1966இல் தொடங்கிய மறுவாழ்வு நிலையம் அவர் உழைப்பில் எழுந்தது. இந்த ஊரில் நின்றுகொண்டு ஊனமுற்ற பிள்ளையைப் பார்த்து ‘ஐயோ பாவம்’ என்று உச்சுக்கொட்டுபவரைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும்.

அப்படியானால் குணமாகிவிடுமா?

ஆகாது. மூளை முடக்குவாதமும் ஆட்டிசமும் குதிரை ஏறினால் போய்விடும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். உட்காரும் நிலை மேம்படலாம், தசை இறுக்கம் தளரலாம், காத்திருக்கவும் சொல்வதைக் கேட்டுச் செய்யவும் பழகலாம். மருந்தையோ வழக்கமான பிசியோதெரபியையோ இதற்காக நிறுத்தக் கூடாது. பெற்றோரிடம் பேசும்போது தன்னார்வலர்களும் இதற்கு மேல் ஒரு சொல் கூட்டிச் சொல்லக் கூடாது.

நான் செய்ய வேண்டிய வேலை என்ன?

ஒரு பிள்ளைக்கு மூன்று பேர். ஒருவர் குதிரையைப் பிடித்து நடத்துவார். அவர் கவனம் முழுக்கக் குதிரைமேல்தான், பிள்ளையைத் திரும்பிப் பார்க்கவே கூடாது. மற்ற இருவர் இரண்டு பக்கமும் நடப்பார்கள். புதிதாக வருபவருக்கு முதலில் தருவது இந்தப் பக்கத்துணை வேலைதான்.

பிள்ளையின் நிலையைப் பொறுத்துப் பிடிமானம் மாறும். முதுகு நிற்காத பிள்ளையென்றால் உங்கள் முன்கை அதன் தொடைமேல் குறுக்காக இருக்கும், விரல்கள் விரிப்பின் விளிம்பைப் பற்றியிருக்கும். கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும் பிள்ளைக்குக் கணுக்காலில் மட்டும் கை. அதையும் கடந்த பிள்ளைக்குக் கையே கிடையாது. எட்டும் தூரத்தில் நடந்துவந்தால் போதும். கஷ்டமானது இந்தக் கடைசி வேலைதான்.

நானும் தொடக்கத்தில் ஒரு சிறுமியின் இடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டே நடந்தேன். விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். மூன்றாவது சுற்றில் பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: “நீங்கள் இப்படிப் பிடித்துக்கொண்டிருந்தால் அவள் முதுகு எதற்காக வேலை செய்யும்?” கையை எடுத்தேன். அவள் வலப்பக்கம் சாய்ந்தாள், சாய்ந்துகொண்டே போனாள், நான் பிடிக்கப்போன நேரத்தில் தானே நிமிர்ந்தாள். எனக்கு வியர்த்துவிட்டது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பேச்சும் அப்படித்தான். ‘நட’ என்பதற்குக் குதிரையின் கழுத்தில் இரண்டு தட்டு தட்டப் பழகியிருந்த, பேச்சு வராத ஒரு பெண் பிள்ளை. தட்டச் சொன்னால் அவள் கை எழும்பப் பத்துப் பன்னிரண்டு நொடி ஆகும். ஒருநாள் புதிதாக வந்தவர் பொறுக்காமல் நாக்கைக் கொட்டிவிட்டார். குதிரைக்கு அது போதும், கிளம்பிவிட்டது. அந்தப் பிள்ளையின் கை பாதி தூரம் எழும்பி அந்தரத்தில் அப்படியே நின்றது. அவர் கெட்டவர் அல்லர், அவசரக்காரர். ஆகவே இப்போது எல்லோருக்கும் சொல்லிவைத்திருக்கிறோம்: கேள்வி கேட்டால் மனத்துக்குள் பன்னிரண்டு வரை எண்ணுங்கள். பிள்ளையின் தலைக்கு மேலாக மறுபக்கத்தில் நடப்பவரிடம் நேற்றைய சங்கதியைப் பேசாதீர்கள்.

குதிரை உதைக்காதா? கடிக்காதா?

உதைக்கும், கடிக்கும். உயிருள்ள விலங்கு, நானூறு கிலோ. ஆனால் காரணமில்லாமல் செய்வது அபூர்வம். குதிரைக்கு நேர் பின்னாலும், மூக்குக்கு நேர் முன்னால் ஒரு சிறு பகுதியும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் பின்புறமாகப் போகக் கூடாது. தோள் பக்கமாக, பேசிக்கொண்டே வர வேண்டும். காது முன்னே குவிந்திருந்தால் எதையோ கவனிக்கிறது. காதைப் பின்னால் ஒட்ட மடக்கினால் எரிச்சல், விலகி நில்லுங்கள். பாய் கண்ணைப் பார்ப்பதே இல்லை, காதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

கேரட் கொடுப்பதென்றால் உள்ளங்கையைத் தட்டாக விரித்து அதன்மேல் வைத்துக் கொடுங்கள். விரலால் நீட்டினால் விரலுக்கும் கேரட்டுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. பிளாஸ்டிக் பை பறந்துவந்து குதிரை மிரண்டால், பக்கத்துணை செய்ய வேண்டியது ஒன்றே: தொடைமேல் குறுக்கே கையைப் போட்டுப் பிள்ளையைக் குதிரையோடு சேர்த்து அழுத்திப் பிடிப்பது. ஆளுக்கொரு பக்கம் இழுத்தால்தான் ஆபத்து. பிள்ளையை இறக்குவதா வேண்டாமா என்பதைச் சொல்ல ஒருவர்தான் உண்டு, அவர் பிசியோதெரபிஸ்ட்.

வாரம் எத்தனை நாள் வர வேண்டும்?

ஒருநாள் போதும். ஆனால் எந்தக் கிழமை என்று சொன்னீர்களோ அந்தக் கிழமை வாருங்கள், குறைந்தது மூன்று மாதத்துக்கு. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்பவர் இதைப் படிக்கட்டும்.

கணக்கு எளிது. ஒரு பிள்ளைக்கு மூன்று பேர் என்றால், ஒருவர் வராவிட்டால் குறைவது மூன்றில் ஒரு பங்கு அல்ல, முழுச் சவாரியே. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு இன்னொன்றும் இருக்கிறது: இடப்பக்கம் யார், வலப்பக்கம் யார் என்பதுகூட மாறக் கூடாது. ஆள் மாறிய ஒரே காரணத்துக்காக ஏறவே மாட்டேன் என்று வாசலில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்து, வெயில் ஏறும்வரை அசையாத ஒரு பையனைப் பார்த்திருக்கிறேன். அன்று வராதவர் இரவெல்லாம் உழைத்துத் தூங்கிவிட்டவர், பாவம். முந்தின நாள் சொல்லியிருந்தால் பையனை வீட்டிலேயே தயார்ப்படுத்தியிருப்போம்.

மாதம் ஒருமுறை நாற்பது பேராகப் பேருந்தில் வந்து இறங்குகிறோம் என்று கேட்கிறவர்களுக்கு நன்றி, வேண்டாம். முகூர்த்த நாள்களில் பாதிப் பேர் வரமாட்டீர்கள் என்பது தெரியும். நாங்களே பஞ்சாங்கத்தைப் பார்த்து அன்றைய வகுப்பைக் குறைத்துவிடுகிறோம்.

வயது, உடை, உடல்நிலை?

பதினாறு முடிந்திருக்க வேண்டும். செருப்பு கூடாது, விரல் மூடிய ஷூ. துப்பட்டாவைப் பின் குத்திக்கொள்ளுங்கள். தொங்கும் வளையம், தோடு வேண்டாம். மல்லிகைப் பூவும் வேண்டாம். ஒருவர் பின்னலில் இருந்த முழுச் சரத்தையும் ஒரு குதிரை நிதானமாகத் தின்று தீர்த்திருக்கிறது. குதிரை லத்தியிலும் மண்ணிலும் டெட்டனஸ் கிருமி இருக்கும், ஆகவே டெட்டனஸ் தடுப்பூசி போட்டுப் பத்தாண்டுக்குள் இருக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் வேலை இருக்கிறது: வருகைப் பதிவு, ஹெல்மெட் மாட்டிவிடுவது, காத்திருக்கும் பிள்ளையின் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வது.

கல்லூரிக்குச் சான்றிதழ் தருவீர்களா?

தருவோம், உழைத்த மணி நேரத்துக்கு மட்டும். லத்தி அள்ளிய நேரமும் கணக்கில் சேரும்.

எந்தப் பிள்ளையும் ஏறலாமா?

முடியாது. மருத்துவர் கடிதம் இல்லாமல் யாரையும் ஏற்றுவதில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு இடையே பிடிமானம் தளர்ந்திருக்கும். குதிரையின் அசைவு அங்கே தண்டுவடத்தைப் பாதிக்கலாம், அதனால் பரிசோதனை முக்கியம். கட்டுக்குள் வராத வலிப்பு, இடுப்பு மூட்டு நழுவுதல், எளிதில் முறியும் எலும்பு, அதிகமான முதுகு வளைவு, உட்காருமிடத்தில் புண் ஆகியவை இருந்தாலும் திருப்பி அனுப்புகிறோம். குடியாத்தத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த தாயிடம் ‘உங்கள் பிள்ளையை ஏற்ற முடியாது’ என்று சொல்லியிருக்கிறேன். அந்த நாளில் வேறெந்த வேலையும் ஓடவில்லை. இப்போது தொலைபேசியிலேயே முதலில் இதைக் கேட்டுவிடுகிறேன்.

ஏற முடியாதவர்கள் தரையில் நின்றபடி குதிரையைத் தேய்க்கலாம், தீனி வைக்கலாம். சக்கர நாற்காலியில் இருப்பவரின் கைக்குக் குதிரையின் தோள் நன்றாகவே எட்டும்.

பணமாகத் தரலாமா, பொருளாகவா?

பணமாக, சிறிதாக, மாதாமாதம். ஒருமுறை பெரிய தொகை வந்தால் சந்தோஷம்தான். ஆனால் குதிரை ஒருநாள்கூட விடுமுறை எடுக்காமல் தின்கிறது. உடல் எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு பங்கு உலர் தீனி, முப்பது லிட்டருக்குக் குறையாத தண்ணீர், கோடையில் இன்னும் அதிகம். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவ வேண்டும், லாடம் கட்டுபவருக்குக் கூலி. தடுப்பூசி, பூச்சி மருந்து, பல் பார்ப்பது என்று மற்றவை.

பொருளாகத் தருவதானால் முதலில் கேளுங்கள். கொள்ளு, தவிடு, பச்சைப் புல் எப்போதும் வேண்டும். கல்யாணத்தில் மிஞ்சிய சோறும் லட்டும் எப்போதும் வேண்டாம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றுக்கு ஒவ்வாதது உள்ளே போனால் வலி வந்து செத்தே போகலாம். ஒரு நல்ல மனிதர் எங்களுக்குத் தெரியாமல் அரை வாளிச் சோற்றை வைத்துவிட்டுப் போன இரவு, பாய் விடியும்வரை குதிரையைப் பிடித்துக்கொண்டு திடலைச் சுற்றி நடந்தார். கால்நடை மருத்துவர் வந்து குழாய் போட்ட பிறகுதான் அது லத்தி போட்டது. லத்தியைப் பார்த்து நாங்கள் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றுதான்.

ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தால் வரிக்கழிவு கிடைக்காது, வங்கி வழியாக அனுப்புங்கள். புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு இந்தக் கழிவு பொருந்தாது.

வெளிநாட்டில் இருக்கிறேன். நான் என்ன செய்ய முடியும்?

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து சொந்தச் சம்பாத்தியத்தில் அனுப்பினால் அது வெளிநாட்டு நிதியாகக் கருதப்படாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர்களிடம் நாங்கள் வாங்குவதில்லை, அதற்குத் தனிப் பதிவு வேண்டும். ஊருக்கு விடுமுறையில் வரும்போது ஒரு மாதம் வந்து மணலைச் சலித்துக் கல் பொறுக்கித் தந்தவர் ஒருவர் இருக்கிறார், அதுவும் பெரிய உதவிதான்.

கைத்தொழில் தெரியும், ஆனால் வார இறுதியில் வர முடியாது.

உங்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம். ஆம்பூர், ராணிப்பேட்டை, பேர்ணாம்பட்டு என்று சுற்றிலும் தோல் வேலை தெரிந்தவர்கள் இருக்கும்போது, அறுந்த வாருக்காக வெளியூருக்கு அனுப்பிக் காத்திருப்பது கேவலம். பிள்ளையின் இடுப்பில் கட்டும் கைப்பிடிப் பட்டையை ஷூ தைக்கும் ஒருவர் தைத்துக் கொடுத்தார். கடையில் வாங்கியது மூன்று மாதம்தான் வந்தது, அவர் தைத்தது இன்னும் உழைக்கிறது. சக்கர நாற்காலியைக் குதிரை முதுகின் உயரத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும் சாய்தளத்தை ஒரு கொத்தனார் கட்டினார். கூலி வாங்கவில்லை, ஆனால் குழைக்கும் சிமெண்டு விகிதத்தில் என் யோசனையையும் வாங்கவில்லை.

ஓய்வுபெற்ற பந்தயக் குதிரை ஒன்று இருக்கிறது. தரலாமா?

பெரும்பாலும் மறுக்கிறோம். ஓடுவதற்கென்றே வளர்ந்தது, பக்கத்துக்கு ஒருவர் ஒட்டி நடப்பதைச் சகிக்காது. எங்களுக்கு வேண்டியது பத்து வயது தாண்டிய, உயரம் குறைந்த, நடை சீரான, பட்டாசுக்கும் பலூனுக்கும் அலட்சியமாக இருக்கும் குதிரை. நொண்டுகிற குதிரை வேண்டாம்; அது கோணலாக நடந்தால் பிள்ளையின் இடுப்பும் கோணலைக் கற்றுக்கொள்ளும்.

பிறந்தநாளை அங்கே பிள்ளைகளோடு கொண்டாடலாமா?

கேக்கும் படமெடுப்பவரும் இல்லாமல் வந்து, பிறந்தநாள் என்று யாரிடமும் சொல்லாமல், ஒரு மணி நேரம் பக்கத்துணை நடக்கலாம். பிள்ளைகளைப் படம் எடுக்கத் தடை. தனியாக ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு எங்கேயும், கழிப்பறை வாசல்வரைகூடப் போகக் கூடாது; எப்போதும் இருவர்.

கோடையில் நடக்குமா?

வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மார்ச் முதல் காலை ஆறிலிருந்து எட்டு வரை மட்டும். அக்கினி நட்சத்திரத்தில் முழு விடுமுறை, ஆனால் குதிரைக்குத் தண்ணீர் தெளிக்க ஆள் வேண்டும். ஐப்பசி மழையில் திடல் சேறானால் அன்று காலை ஐந்து மணிக்குச் செய்தி அனுப்புவோம்.

இந்த ஊருக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம்?

இதைக் கேட்பவர்கள் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத்தைச் சரியாகப் பார்க்காதவர்கள். தூணுக்குத் தூண் குதிரை முன்னங்காலைத் தூக்கி நிற்கிறது. 1806 ஜூலை 10 அன்று கோட்டைச் சிப்பாய்களின் எழுச்சியை அடக்க ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி வந்ததும் ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடுதான். செஞ்சி தேசிங்கு ராஜன் பெயரைச் சொன்னால் பாராசாரி என்ற குதிரையின் பெயரும் கூடவே வரும். அவன் மனைவியின் நினைவாகத்தான் ராணிப்பேட்டை என்பார்கள். எங்களிடமும் ஒரு பாராசாரி உண்டு. வயிறு பெருத்தது, ஓடச் சொன்னால் நின்றுவிடும், பிள்ளைகள் அதைத்தான் கேட்கிறார்கள்.

முதல் நாள் என்ன நடக்கும்?

காலை ஐந்தே முக்காலுக்கு வாருங்கள். அன்று உங்களுக்குப் பிள்ளை கிடையாது. லத்தி அள்ளுவீர்கள், ரப்பர் பிரஷ்ஷால் குதிரையைத் தேய்ப்பீர்கள், வெறும் குதிரையோடு பத்துச் சுற்று நடப்பீர்கள்.

அதற்குப் பிறகுதான் ஆரம்பத்தில் சொன்ன அந்த ஒரே ஒரு தடவை. உங்கள் கண்ணைத் துண்டால் கட்டிக் குதிரைமேல் உட்கார வைப்போம். (எண்பது கிலோவுக்கு மேல் இருப்பவர்களைக் குதிரைக்குப் பதில் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளுவோம், குதிரை சுமக்கலாகும் பாரம் அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குதான்.) இரண்டு பக்கமும் இரண்டு பேர். ஒருவர் உங்கள் காலை நோகுமளவு இறுக்கிப் பிடிப்பார். இன்னொருவர் உங்களை மறந்துவிட்டு மூன்றாமவரிடம் இலவம்பாடிக் கத்திரிக்காய் விலையைப் பேசிக்கொண்டு வருவார். இருவரும் வேண்டுமென்றே செய்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. இரண்டு சுற்று.

இறங்கியதும் அனேகமாக எல்லோரும் முதலில் கேட்பது தண்ணீர். பானை லாயத்து வாசலில் இடப்பக்கம் இருக்கிறது. வலப்பக்கத்துத் தொட்டி குதிரைக்கு.